மஞ்சள் கவுன் போட்ட யாரோ ஒருத்தி

விக்ரமுக்கு ஏப்ரல் பதினோராம் தேதி வரைக்கும் ஒரே ஒரு குழந்தைப் பருவம்தான் இருந்தது. பன்னிரண்டாம் தேதி இன்னொன்று கிடைத்தது. அவன் கேட்டு வாங்கியதல்ல. நல்ல மனசுள்ள ஒருவர் சும்மா கொடுத்தது.

கொடுத்தவர் சித்தார்த். நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவர். அவருக்கு வயது இருபத்தேழு, தாடிக்கு முப்பத்தைந்து. அதே கல்லூரியின் தேர்வுப் பிரிவில் விக்ரம் உதவியாளன். பெயர், பிறந்த தேதி, தகப்பன் பெயர், போட்டோ, நான்கும் ஒத்துப்போனால்தான் அவன் கையிலிருந்து ஹால் டிக்கெட் வெளியேறும். போட்டோ இல்லாத பிள்ளை, அவன் மேஜையைப் பொறுத்தவரை, பிறக்கவே இல்லை.

அன்றைக்குக் கரண்ட் போயிருந்தது. விக்ரம் ஹால் டிக்கெட் கட்டை எடுத்து விசிறிக்கொண்டிருந்தான். சித்தார்த் எட்டிப் பார்த்தார்.

“அண்ணே, வெயில் ஓவரா இருக்குல்ல? இதுக்குன்னே ஒரு ஆல்பம் இருக்கு. அனுப்புறேன், கேளுங்க.”

“வெயிலுக்கா சார்? மோரு கேள்விப்பட்டுருக்கேன், நன்னாரி சர்பத் கேள்விப்பட்டுருக்கேன்...”

“அது ஒடம்புக்கு. இது மனசுக்கு. சில்வேவ்னு ஒரு வகை. பழைய கேசட்ட வெயில்ல காயப்போட்டு எடுத்த மாதிரி இருக்கும். நம்ம பழைய கோடைய அப்படியே ஞாபகப்படுத்தும்ணே.”

“எந்தக் கோடைய?”

“அது ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொண்ணு.”

அங்கேதான் சித்தார்த் தப்பு செய்தார். ஒவ்வொருத்தருக்கும் ஒன்று இருக்கும் என்று நினைத்துவிட்டார்.

விக்ரமின் கோடைகள் திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு காளவாசலில் கழிந்தவை. மதுரைக்காரர்களுக்குக் காளவாசல் என்றால் இன்றைக்கு ஒரு சிக்னல், ஹாரன் சத்தம், பரோட்டா. அவனுக்கு அது செங்கல் சூளை. அப்பா சின்னானும் அம்மா மலையம்மாளும் தையில் போய் இறங்கினால் ஆனியில்தான் ஊர் திரும்புவார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு லீவு விடும் மாதத்தில்தான் சூளையில் வேலை உச்சத்தில் இருக்கும். அறுத்துப் போட்ட பச்சைக் கல்லைப் புரட்டிக் காயவைப்பது பிள்ளைகளின் வேலை. பெரியவர்கள் நடந்தால் கல் நசுங்கும், பிள்ளைகள் கனமில்லாதவர்கள். வெயில் மேலேயிருந்து ஒன்று, சூளையிலிருந்து ஒன்று என்று இரண்டாக வரும். இப்படிப்பட்டவனைப் பார்த்து, உன் கோடையை நினைத்து ஏங்கு என்று ஒரு ஆல்பம் சொன்னால் அவன் எங்கே போவான், பாவம்?

ஆனாலும் அவன் கேட்டான். திருமங்கலத்தில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து இயர்போனை மாட்டினான். ஒன்பது பாட்டு, முப்பத்தெட்டு நிமிடம். ஆரப்பாளையம் வரும்போது சரியாக முடிந்தது. ஆல்பத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் ‘முடியாத மதியம்’ என்று வரும். பாடியவன் எந்த நாட்டுக்காரனோ. தாளம் பக்கத்து வீட்டிலிருந்து கேட்பது போலத் தேய்ந்து கேட்டது. கீபோர்டு சத்தம் வெயிலில் விட்ட ஐஸ் மாதிரி ஓரத்தில் உருகிக்கொண்டே இருந்தது. குரல்தான் விசேஷம். தண்ணீருக்குள் இருந்துகொண்டு யாரோ பாடுவது போல இருந்தது. ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. புரியாததே நல்லதாகப் பட்டது. செல்போன் திரையில் அட்டைப்படம் தெரிந்தது. வெளிறிப்போன நீலத்தில் ஒரு நீச்சல் குளம், அதன் விளிம்பில் மஞ்சள் கவுன் போட்டு, முதுகைக் காட்டி நிற்கும் ஒரு சிறுமி.

மூன்றாம் நாள் நான்காவது பாட்டில், அவனுக்கு அந்தக் குளத்தின் ஓரத்து ஓடு எவ்வளவு சுடும் என்பது ஞாபகம் வந்தது.

பஸ் கப்பலூர் தாண்டிக்கொண்டிருந்தது. விக்ரம் காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டான். உள்ளங்கால் நிஜமாகவே சுட்டது. பஸ்ஸில் இன்ஜினுக்குப் பக்கத்து சீட் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். ஆனால் எலுமிச்சை மரத்துக்கு எந்த இன்ஜின் காரணம்? குளத்துக்கு இடது பக்கம் ஒரு எலுமிச்சை மரம் இருந்தது. அதன் கீழே ஒரு கார் கதவைத் திறந்து போட்டு யாரோ ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் கவுன் அவனுக்கு முன்னால் நடந்தாள். அவளுடைய ஈரக் காலடி தரையில் பதிந்து, பதிந்த வேகத்தில் காய்ந்துகொண்டே போனது. காய்வதற்குள் அதன் மேல் மிதித்துவிட வேண்டும் என்று அவன் பின்னாலேயே ஓடினான். எம்புட்டு சந்தோஷம்! இத்தனைக்கும் அட்டைப்படத்தில் மரமும் இல்லை, காரும் இல்லை.

மே மாதம் பிறந்தபோது விக்ரம் ஆள் மாறியிருந்தான். அலுவலகத்தில் பக்கத்து நாற்காலி பாண்டியராஜன், ரெக்கார்டு கிளார்க். அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். யாரோ தர்ப்பூசணி வாங்கி வந்திருந்தார்கள். விக்ரம் ஒரு துண்டை வாயில் வைத்தவன் கண்ணை மூடிக்கொண்டு, “சின்னதுல நாங்க இத ஸ்விம்மிங் பூல் ஓரத்துல ஒக்காந்துதான் சாப்பிடுவோம். கொட்டைய தண்ணிக்குள்ள துப்புவோம், யாருது தூரமாப் போகுதுன்னு பாக்க” என்றான்.

பாண்டியராஜன் தன் துண்டைக் கீழே வைத்தார்.

“மாப்ள, ஒங்க ஊர்ல ஸ்விம்மிங் பூலா? எங்கிட்டு இருந்துச்சு, கம்மாய்க்குள்ளயா?”

எல்லோரும் சிரித்தார்கள். விக்ரமும் சிரித்தான்.

“சும்மா சொன்னேண்ணே.”

“சும்மா சொல்லு, வேணாங்கல. அப்புறம் உசிலம்பட்டியில ஒனக்கு ஒரு பீச் இருந்துச்சும்ப. இங்கன ஒக்காந்து சர்ட்டிபிகேட்டு சரிபாக்குற ஆளு, பாத்துக்க.”

சும்மா சொன்னேன் என்று சொன்னது பொய் என்பது விக்ரமுக்கு மட்டும்தான் தெரியும். கொட்டை தண்ணீரில் விழுந்த சத்தம் அவன் காதில் இருந்தது.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஊரில் பாதிப் பேர் தாத்தா யானை கட்டி ஆண்டதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஒரு ஆள் ஒரு நீச்சல் குளத்தை வைத்துக்கொண்டால் குடி முழுகிவிடுமா? முழுகாது. ஆனால் விக்ரமின் மண்டை சின்னது. அதில் புதிதாக ஒன்றை வைத்தால் பழையது ஒன்று வெளியே போக வேண்டியிருந்தது. முதலில் சூளை மேஸ்திரியின் பெயர் போனது. போகட்டும், சனியன். பிறகு செங்கல் அச்சில் எந்தப் பக்கம் எழுத்து இருந்தது என்பது போனது. அதன் பிறகு ஒருநாள் பல் விளக்கிக்கொண்டிருக்கையில், அக்காவின் முகம் வரவில்லை.

அக்கா முத்துமீனா. அவனைவிட இரண்டு வயது மூத்தவள். தொண்ணூற்றெட்டாம் வருடம் வைகாசியில், செம்மண் தோண்டிய பள்ளத்தில் நிறுத்தியிருந்த தண்ணீரில் போய்விட்டாள். ஒன்பது வயது. அவள் பேர் ரேஷன் அட்டையில் ஏறியதில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்ததில்லை. போட்டோ எடுத்ததில்லை. மலையம்மாள் அன்றைக்குத் தன் தம்பி ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தாள். போலீசு கீலீசு வந்துவிடப் போகிறது என்று மேஸ்திரி அவசரப்படுத்தி, தாய் வந்து சேர்வதற்குள் மண்ணைத் தள்ளிவிட்டார்கள். சின்னானும் இறந்து ஆறு வருடமாகிறது. ஆக, முத்துமீனா என்று ஒருத்தி இருந்தாள் என்பதற்கு இந்த உலகத்தில் இரண்டே இடங்கள்தான் பாக்கி. ஒன்று அம்மா மண்டை. இன்னொன்று விக்ரம் மண்டை. கடைசியாக அவளைப் பார்த்தது இரண்டாவது மண்டைதான்.

அந்த மண்டையில் இப்போது அக்காவைத் தேடினால் அவள் முதுகைத்தான் காட்டினாள். திரும்பு, திரும்பு என்று எத்தனை முறை சொன்னாலும் திரும்பவில்லை. கூர்ந்து பார்த்தால் அவள் போட்டிருந்தது மஞ்சளாக இருந்தது.

விக்ரம் பயந்துபோனான். இயர்போனைக் கழற்றிப் பைக்குள் போட்டான். நான்கு நாள் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் பஸ்ஸில் இயர்போன் இல்லாமலே முதல் பாட்டு ஆரம்பித்தது. சரியாக முப்பத்தெட்டு நிமிடம் ஓடி ஆரப்பாளையத்தில் முடிந்தது.

சித்தார்த்திடம் சொன்னபோது அவர் ரொம்பச் சந்தோஷப்பட்டார். “பாத்தீங்களா! அனுபவிக்காத காலத்துக்காக ஏங்க வைக்கிறதுதாண்ணே இந்த இசையோட அழகே.”

“ஏங்குறது சரி சார். அங்கயிருந்து ஆளு வருது.”

“செம லைன்ணே” என்றார் சித்தார்த். செல்போனில் குறித்துக்கொண்டார்.

பயப்படக் காரணம் இருந்தது. வைகாசி மூன்றாம் வெள்ளி நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணமாகாமல் போன பெண்பிள்ளையைக் கன்னியாக வைத்துக் கும்பிடுவது அந்தப் பக்கத்தில் பல வீடுகளில் உண்டு. ஓலைப்பெட்டியில் வருடம் ஒரு புதுத்துணி வைப்பார்கள், இலை போட்டுப் படைப்பார்கள், போன வருடத்துத் துணியை ஒரு சின்னப் பிள்ளைக்குக் கொடுப்பார்கள். மலையம்மாள் வீட்டில் கூடுதலாக ஒரு வழக்கம் உண்டு. அடையாளம் சொல்லி அழைக்க வேண்டும். செத்துப்போன கன்னிப்பிள்ளைகள் உலகத்தில் கொஞ்சநஞ்சமில்லை. அத்தனையும் பசியோடு வெயிலில் அலைவது. பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வா என்று பொதுவாகக் கூப்பிட்டால் எது வேண்டுமானாலும் வந்து உட்காரும். ஆகவே கடைசியாகப் பார்த்த ஆள்தான், என்ன உடுத்தியிருந்தாள், எங்கே நின்றாள், எப்படிப் போனாள் என்று சொல்லிக் கூப்பிட வேண்டும். தேர்வுப் பிரிவில் விக்ரம் செய்யும் வேலைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

ஏழு வயதிலிருந்து அவன்தான் சொல்லி வருகிறான். மூன்றே வாக்கியம். பச்சைப் பாவாடை கட்டியிருந்தா. பள்ளத்து ஓரத்துல நின்னா. வழுக்கிட்டா. இதைச் சொல்லும்போது சின்னான் மட்டும் உள்ளே இருக்கமாட்டார். பீடி வாங்கப் போகிறேன் என்று எழுந்து போய்விடுவார். மகள் நினைப்பு தாங்கவில்லை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த வருடம் துணி எடுக்க வழக்கம்போலத் தெற்கு மாசி வீதியில் நைனா முகமதுவின் கடைக்குப் போனான். சின்னப் பிள்ளைகளின் ரெடிமேடு மட்டும் விற்கிற கடை. நைனா முகமதுவுக்கு இந்த வாடிக்கையாளரைப் பத்துப் பன்னிரண்டு வருடமாகத் தெரியும். ஒன்பது வயதுக்குப் பச்சைப் பாவாடை சட்டை. வருடா வருடம் அதே ஒன்பது வயது. மூன்றாம் வருடம் ஒருமுறை, பாப்பா வளரவே மாட்டேங்குதே தம்பி என்று வாய்தவறிக் கேட்டுவிட்டு, விக்ரமின் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்து வாயை மூடியவர், அதன் பிறகு கேட்டதில்லை. வைகாசி வந்தால் ஒன்றை எடுத்துத் தனியாக வைத்துவிடுவார்.

“வாங்க தம்பி. எடுத்து வச்சுட்டேன். சரிகை கொஞ்சம் அகலமா வந்துருக்கு இந்தத் தடவ.”

“அண்ணே, மஞ்சள்ல கவுன் இருக்கா? பின்னாடி நாடா வச்சு முடிச்சுப் போடுற மாதிரி.”

நைனா முகமது பச்சைப் பாவாடையைப் பிடித்தபடியே நின்றார்.

“கவுனா? பாப்பா எப்பவும் பச்சதான கட்டும்?”

“இல்லண்ணே. அவளுக்கு மஞ்ச கவுன்தான் பிடிக்கும்.”

“அப்படின்னு யாரு சொன்னா?”

விக்ரம் தெருப் பக்கம் திரும்பினான். கடைக்கு வெளியே ஒரு ஆட்டோ ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு ஏதோ கத்திப் போனது. அதற்கு அடியில் இரண்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நைனா முகமது வேறெதுவும் கேட்காமல் மேல் தட்டிலிருந்து ஒரு மஞ்சள் கவுனை எடுத்துப் பொட்டலம் கட்டினார். கட்டும்போது உதட்டுக்குள் ஏதோ ஓதினார். மீதிப் பணத்தைக் கையில் கொடுக்காமல் மேஜையில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுது. தார்ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை. அந்த நேரத்தில் ராத்திரிக்குக்கூட இல்லாத ஒரு அமைதி உண்டு. நிழல் காலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டிருக்கும். மலையம்மாள் வீட்டு மேற்கு மூலையில் கோலம் போட்டு, விளக்கேற்றி, இலையில் சோறும் கருவாட்டுக் குழம்பும் அவித்த முட்டையும் வைத்திருந்தாள். ஓலைப்பெட்டி திறந்திருந்தது. போன வருடத்துப் பச்சைப் பாவாடை எடுத்து ஓரமாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. பொட்டலத்தை அவள் பிரிக்கவில்லை. பிரித்து வைப்பது கூப்பிட்ட பிறகுதான்.

“கூப்பிடுய்யா” என்றாள்.

விக்ரம் காலையிலிருந்து அந்த மூன்று வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தான். உள்ளங்கையில் பேனாவால் எழுதியும் வைத்திருந்தான். வியர்வையில் மை கரைந்து கை முழுக்க நீலமாக இருந்தது.

“மீனாக்கா, வா” என்று ஆரம்பித்தான். “மஞ்ச கவுன் போட்டுருந்தா. நீலத் தண்ணி ஓரத்துல நின்னா. எலுமிச்ச மரத்துப் பக்கமா நடந்து...”

நிறுத்த நினைத்தான், நிற்கவில்லை. “நடந்து போனா. நான் பின்னாடியே போனேன். நல்லா இருந்துச்சு” என்று முடித்துவிட்டுத்தான் நின்றது.

மலையம்மாள் அவனைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

“எலுமிச்ச வாசம் வருது. நம்ம வீட்டுல எலுமிச்சங்கா வாங்கல.”

“அம்மா...”

“யாருடா இவ?”

“தெரியல.”

“தெரியாமயாடா வீட்டுக்குள்ள கூப்பிட்ட?”

“காதுல ஒரு பாட்டும்மா. அதுல ஒரு புள்ள. மொகம் தெரியாது.”

மலையம்மாள் இருபத்தொரு வருடம் சூளையில் நின்றவள். நெருப்பு, பாம்பு, மேஸ்திரி, எதற்கும் குரலை உயர்த்தாதவள். இப்போதும் உயர்த்தவில்லை. பொட்டலத்தைப் பிரித்தாள். மஞ்சள் கவுனைப் பார்த்தாள். விரித்து, நாடாவை நீவிவிட்டு, பெட்டிக்குள் வைத்தாள்.

“என்னம்மா பண்ற?”

“வந்துருச்சுல்ல. வந்த புள்ளய வெளிய போன்னு சொல்லுவாங்களாக்கும்? எவ பெத்ததோ, எந்தச் சீமையிலயோ. கருவாடு திங்குமான்னு தெரியல.” முட்டையை எடுத்து இலையின் முன்பக்கம் வைத்தாள். “அது இருக்கட்டும். ஒங்க அக்கா வாசல்ல நிக்கிறா. நான் பெத்தவ வெயில்ல நிக்கிறா. அவளக் கூப்பிடு. இப்பக் கூப்பிடாட்டி அடுத்த வருசம் ஒனக்கு ஒண்ணுமே நெனப்பு இருக்காது. எனக்கும் வயசாயிருச்சு. அப்புறம் அவ இருந்தாங்கறதுக்கு யாரு?”

விக்ரம் கண்ணை இறுக்க மூடினான். பச்சைப் பாவாடை என்று தேடினான். மூன்று வாக்கியமும் அட்டை மாதிரி தட்டையாக எதிரில் நின்றன, பின்னால் ஒன்றுமில்லை. ஆல்பம் ஓட ஆரம்பித்தது. தண்ணீருக்குள் இருந்து அந்தக் குரல் பாடியது. வழக்கமாகக் குரலைக் கேட்டதும் அவன் குளத்தின் கரைக்குப் போய்விடுவான். இன்றைக்குப் போகவில்லை. அம்மா வாசல் என்று சொன்னது அவனைப் போகவிடவில்லை. குரல் எங்கேயிருந்து வருகிறதோ அங்கே போனான், கீழே.

அப்போதுதான் ஒன்று தெரிந்தது. தண்ணீருக்குள் இருந்தது பாடுகிறவன் அல்ல. கேட்கிறவன்தான் தண்ணீருக்குள் இருந்தான். மேலே யாரோ கத்துகிறார்கள். கத்துவது தண்ணீர் வழியாக வந்து, தேய்ந்து, உருகி, வார்த்தை கரைந்து பாட்டு மாதிரி விழுகிறது.

“அம்மா, அவ பாவாட கட்டல.”

“என்ன?”

“பச்சப் பாவாடயத் தொவைச்சுக் கல்லடுக்கு மேல காயப்போட்டுருந்தா. அப்பா சட்டயப் போட்டுருந்தா. கட்டம் போட்டது. முழங்காலுக்குக் கீழ தொங்குச்சு. அதப் போட்டுக்கிட்டு மேஸ்திரி மாதிரி நடந்து காட்டுனா. ‘ஏலே, கல்லுல கால வைக்காதலே’ன்னு மேஸ்திரி மாதிரி பேசுனா. நான் சிரிச்சுக்கிட்டே பின்னால போயி, நான்தான் விழுந்தேன். அவ வழுக்கல. நான் விழுந்தேன். அவ குதிச்சா.”

மலையம்மாள் விளக்குத் திரியைத் தூண்டப் போன கையை அப்படியே வைத்திருந்தாள்.

“கீழ இருந்து பாத்தா சட்ட கொட மாதிரி விரிஞ்சு வந்துச்சு. நான் அதப் பிடிச்சேன். அவ தோள்ல கால ஊணி ஏறிட்டேன்மா. ஏறுனதும் என் கால் அவ தோள விட்டு எடுபட்டுருச்சு. அப்புறம் அவ வரல. மேஸ்திரி வந்து என்னடா ஆச்சுன்னு அதட்டுனாரு. கல்லடுக்குல பாவாட தெரிஞ்சுச்சு. பச்சப் பாவாட கட்டியிருந்தா, வழுக்கிட்டான்னு சொன்னேன். அப்பாதான் அவள வெளிய தூக்குனாரு. அவரு சட்டைன்னு அவருக்குத் தெரியும்.”

வெளியே பீடிக்கு எழுந்து போன மனுஷன் இருபத்தொரு வருடம் எதற்காக எழுந்து போனார் என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

மலையம்மாள் அழுவாள், அல்லது அறைவாள் என்று விக்ரம் எதிர்பார்த்தான். கன்னத்தைக்கூடக் கொஞ்சம் முன்னால் நீட்டியிருந்தான். அவள் ஓரத்தில் மடித்திருந்த போன வருடத்துப் பச்சைப் பாவாடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதையே தடவிக்கொண்டிருந்தாள்.

“கூப்பிட்டா வரும்டா” என்றாள் கடைசியில். “ஒவ்வொரு வருசமும் வந்துச்சு. நீ கூப்பிட்டு முடிச்சதும் எல லேசா அசையும், விசிறி நின்னுருந்தாலும். தலையத் தடவுற மாதிரி எனக்கு இங்கன கைக்குள்ள ஒரு சூடு வரும். எம்மகதான்னு நெனச்சேன். எல்லாத்தையும் அதுகிட்டதான் சொன்னேன். ஒங்கப்பா செத்தப்பகூட.”

பாவாடையைத் தூக்கிப் பிடித்தாள்.

“அப்ப இருவத்தேழு வருசமா வந்தது யாருடா?”

விக்ரமுக்கு முதுகு சில்லிட்டது. வெளியே நூற்றி நான்கு டிகிரி வெயில்.

“மொதல்ல அவளக் கூப்பிடு” என்றாள் மலையம்மாள். “சரியாக் கூப்பிடு.”

கூப்பிட்டான். அப்பா சட்டை போட்டிருந்தா. மேஸ்திரி மாதிரி நடந்தா. எனக்காகக் குதிச்சா. மீனாக்கா, வா. சொல்லி முடித்தபோது இலை அசையவில்லை. வாசம் எதுவும் வரவில்லை. ஆனால் ஏப்ரல் பன்னிரண்டிலிருந்து மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று அவனால் சொல்ல முடியவில்லை. அந்த அமைதியில் முகம் ஒன்று தெளிந்து வந்தது. மேல் பல் ஒன்று விழுந்த இடம், மூக்கு நுனியில் செம்மண், சிரிப்பை அடக்குவதற்காக உப்பிய கன்னம். தாடையில் ஒரு தழும்பு. அதை அவன் இருபத்தேழு வருடமாக ஒருமுறைகூட நினைத்ததில்லை.

“தாடையில தழும்பு இருந்துச்சாம்மா?”

மலையம்மாள் நிமிர்ந்தாள். “அடுப்புல விழுந்தா. ஒரு வயசுல. ஒனக்கு எப்படித் தெரியும், நீ அப்ப வயித்துல கூட இல்ல” என்றாள். பிறகு, “ஆமா, பாத்துருப்ப. பாத்துருப்ப” என்று தானே சொல்லிக்கொண்டாள்.

எழுந்து அடுக்களைக்குப் போனாள். இன்னும் இரண்டு இலை நறுக்கிக் கொண்டுவந்து போட்டாள். இருந்த சோற்றை மூன்றாகப் பங்கிட்டாள். முட்டை ஒன்றுதான் அவித்திருந்தாள். அதை நூலால் மூன்றாக அறுத்தாள். யாருக்கு எந்த இலை என்று அவள் சொல்லவில்லை. பந்திக்கு வந்தவர்களிடம் அதைக் கேட்பது மரியாதையில்லை என்பது போலக் கொஞ்சம் தள்ளி, தலையைக் குனிந்து உட்கார்ந்துகொண்டாள்.

“அவளுக்குத் துணி?” என்றான் விக்ரம்.

“ஒங்கப்பா சட்ட ஒண்ணும் பாக்கி இல்ல. அவரோடயே போயிருச்சு.”

விக்ரம் தன் சட்டையைக் கழற்றினான். காலையில் கல்லூரிக்குப் போட்டுப் போய், அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்த சட்டை. கட்டம் போட்டதல்ல, வெறும் வெள்ளை. கழுத்துப் பட்டையில் அழுக்கு, பையில் பேனா. பேனாவை எடுத்துவிட்டு, வியர்வையோடு அப்படியே மடித்துக் கொடுத்தான். புதுத்துணிதான் வைக்க வேண்டும் என்று மலையம்மாள் சொல்லவில்லை. வாங்கி, முகர்ந்து பார்த்து, மஞ்சள் கவுனுக்கு மேலே வைத்தாள். அதற்கு மேலே, ஒரு கணம் யோசித்து, போன வருடத்துப் பச்சைப் பாவாடையையும் திரும்ப வைத்தாள்.

“அது எதுக்கும்மா? அதான் அவ இல்லன்னு ஆயிருச்சே.”

“இருவத்தேழு வருசம் கூப்பிட்ட கொரலுக்கு வந்தவடா. இன்னைக்கு அடையாளம் சரியில்லன்னா எங்க போவா?”

ஓலைப்பெட்டி ஒரு துணிக்கென்று முடைந்தது. மூடி பொருந்தவில்லை. ஒரு மூலையை அழுத்தினால் எதிர் மூலை எழும்பியது. விக்ரம் இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தான். உள்ளேயிருந்து யாரோ தலையால் முட்டிக்கொண்டிருப்பது போல அது மெல்ல மெல்ல மேலே வந்தது. அவன் கையை எடுத்துவிட்டான். அம்மாவைப் பார்த்தான்.

மலையம்மாள் பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து, வாயை மூடியோரம் வைத்தாள்.

“கொஞ்சம் நெருங்கி ஒக்காருங்கடி” என்றாள்.

மூடி பொருந்திக்கொண்டது.